மச்சம் படாத சட்டி

பெருநாள் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. புரியாணிச் சட்டிக்குள் அது இறைச்சிக்குத் துணையாக ஒளிந்திருக்கும். எதிர்பார்த்ததைவிட விருந்தாளிகள் கூடிவிட்டால், கறியைப் பெருக்குவதற்காக அவசரமாக நாலு கிழங்கை வெட்டிப் போடுவார்கள். அவ்வளவுதான் அதன் மரியாதை. ஆனால் என் உம்மாவின் குடும்பத்தில் கிழங்குக்கென்று தனியாக ஒரு மண்சட்டியும் தனி அகப்பையும் இருந்தனவாம். அந்தச் சட்டியில் இறைச்சியோ மீனோ முட்டையோ ஒருநாளும் சமைத்ததில்லை. யாழ்ப்பாணத்து வழக்கில் சொன்னால் 'மச்சம் படாத சட்டி'.

அதில் சமைத்தது எங்களுக்காக அல்ல, அடுத்த வீட்டுக்காக.

உம்மும்மா பிறந்து வளர்ந்தது நயினாதீவில். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து இருபது நிமிடப் படகுப் பயணத்தில் வரும் அந்தச் சிறிய தீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும், நாகதீப விகாரையும், எங்கள் பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று கருதுவோர் பலர். கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றுதான் பெயர். உம்மும்மாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டார் சைவச் சாப்பாட்டுக்காரர். பெருநாளன்று அவர்களுக்கு இறைச்சி அனுப்ப முடியாது. வெறும் சோறும் பருப்பும் அனுப்பினால் அது பெருநாள் பங்காக இராது. ஆகவே இறைச்சிக்கு ஈடாக நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரு மரக்கறி வேண்டியிருந்தது. உம்மும்மாவின் உம்மா கண்ட வழிதான் நெய்யில் பிரட்டிய கிழங்குப் பால்கறி.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் புத்தளத்துக்குப் போனார்கள். சட்டி நயினாதீவிலேயே நின்றுவிட்டது. புத்தளத்தில் முகாமிலும் சரி, பிறகு கட்டிய வீட்டிலும் சரி, சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போலவே பெருநாள் கொண்டாடுகிறவர்கள். அந்தச் சட்டிக்கு அங்கே வேலை இருக்கவில்லை. கறியைச் சமைத்த கை புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டது. மிஞ்சியது உம்மும்மாவின் ஞாபகம் மட்டும்தான். அதிலும் அளவுகள் இல்லை. 'கையளவு', 'கண்ணளவு' என்ற இரண்டு அளவைகள்தான் அவரிடம் உண்டு.

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை, தீவில் திருத்திக் கட்டிய சிறிய வீட்டில் கொண்டாடுவது என்று முடிவானபோது நான் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து வீட்டில் சும்மா இருந்தேன். ஆகவே கிழங்குக் கறி என் தலையில் விழுந்தது. அதைச் செய்யப் போய் நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனவியலும் படிப்பதால், அன்று விளங்காத சில விடயங்கள் இன்று விளங்குகின்றன.

முதலில் நாள்கணக்கு. நயினாதீவுத் திருவிழா ஆனி மாதத்தில் நடந்து பூரணையோடு நிறைவுறும். ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் பத்தாம் பிறை, அதாவது பூரணைக்கு நாலைந்து நாள் முன்பு. எனவே எங்கள் பெருநாள் சுற்றிச் சுற்றி வந்து அந்த ஆனிப் பூரணைக்கு முன்னால் விழும் வருடங்களில், அது திருவிழாவுக்கு நடுவில் வந்தே தீரும். 2023இல் அப்படித்தான் வந்தது. யூன் 29 பெருநாள், யூலை 3 பூரணை. நாங்கள் போன படகு நிறைய அடியார்கள். மடியில் அர்ச்சனைத் தட்டு, கையில் கற்பூரம், சிலர் விரதம். அந்தப் படகில் இறைச்சிப் பையோடு ஏற உம்மாவுக்கு மனம் வரவில்லை. உழ்ஹிய்யாவைப் பெரிய மாமா புத்தளத்திலேயே நிறைவேற்றட்டும், தீவில் இந்தமுறை மரக்கறிதான் என்று சொல்லிவிட்டார். "இறைச்சி இல்லாமல் ஒரு ஹஜ்ஜுப் பெருநாளா?" என்று சின்ன மாமா படகு முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

நாங்கள் போய் இறங்கிய அன்று பின்னேரம் அடுத்த வீட்டு ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். உம்மும்மாவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆச்சி, "என்ன தங்கச்சி, பெருநாளுக்குக் கிழங்குக்கறி வருமோ?" என்று கேட்டார்.

உம்மாவுக்குத் தயக்கம். "விரத நாளில்லோ மாமி, நாங்கள் சமைச்சதை எடுப்பீங்களோ? வேணுமெண்டா அரிசி, கிழங்கு எண்டு பச்சையாத் தாறம்" என்றார்.

"எனக்கு ஒரு நேரச் சாப்பாடு. பூசை முடிய வந்து வாங்குறன். உள்ளி மட்டும் போடாதையுங்கோ" என்றார் ஆச்சி. பேச்சு அதோடு முடிந்தது. புதுச் சட்டி ஒன்று வாங்க வாப்பா மறுபடியும் படகேறினார்.

கிழங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடர். ஐரோப்பியர் வழியாக அது நம் நாட்டு மலைநாட்டுக்கு வந்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் அது பெரும்பயிரானது மிகவும் பிந்தித்தான். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாய், வெங்காயத்தோடு உருளைக்கிழங்கும் குடாநாட்டு விவசாயிகளைத் தூக்கி நிறுத்தியது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, அந்த நல்ல காலம் தளர்ந்தது. ஆனால் இவையெல்லாம் குடாநாட்டுக் கதை. உவர்நீரும் கல்மண்ணுமான நயினாதீவில் 'கிழங்கு' என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது பனங்கிழங்குதான். உருளைக்கிழங்கு படகில் வரும் பொருள். படகில் வருவதால்தான் அதற்குப் பெருநாள் தகுதி கிடைத்தது என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் மாரியில் நட்ட கிழங்கு மாசி, பங்குனியில் கிண்டப்படும். யூன் மாதத்தில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மலைநாட்டுக் கிழங்கோ இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்ததோதான். எந்த ஊர்க் கிழங்கு என்பதைவிட எந்த வகைக் கிழங்கு என்பது முக்கியம். மா கூடிய கிழங்கு அவிந்ததும் பூப்போல உதிரும். மசிப்பதற்கும் பொரிப்பதற்கும் அது நல்லது. மா குறைந்து ஈரம் கூடிய கிழங்கு அவிந்த பிறகும் துண்டு குலையாமல் நிற்கும். நம் கறிக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். பார்த்துச் சொல்லத் தெரியாவிட்டால் ஒரு வழி உண்டு. ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கை அதற்குள் போடுங்கள். மா கூடியது அடர்த்தி கூடியதால் தாழும், மற்றது மிதக்கும். அடர்த்திப் பாடத்தை ஒருநாளும் மறக்காமல் இருக்க இதைவிட நல்ல பரிசோதனை இல்லை. பச்சை படிந்த கிழங்கை மட்டும் வாங்காதீர்கள். அதில் சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். வாங்கியதைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள். குளிரில் மாப்பொருள் சீனியாக மாறுவதால் பொரிக்கும்போது சட்டென்று கருகிவிடும்.

இனி நான் கெடுத்த கதை.

பெருநாளுக்கு முதல்நாள் அரபா நோன்பு. நோன்பு திறக்க ஒத்திகையாக ஒரு சிறிய சட்டிக் கறி வைத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். நோன்போடு சமைத்தால் உப்புப் பார்க்க முடியாது என்பதை முன்கூட்டி யோசிக்கவில்லை. கிணற்றில் அள்ளிய தண்ணீரில் கிழங்கைப் போட்டு அடுப்பை மூட்டினேன். விறகு ஈரம். தண்ணீர் கொதிக்காமல் வெதுவெதுப்பாகவே வெகுநேரம் கிடந்தது. பிறகு ஒருவாறு கொதித்தது. அரை மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் கிழங்கு இன்னும் இறுக்கம். முக்கால் மணிக்குப் பிறகும் நடுப்பகுதி கடித்தால் சத்தம் போடும் போலிருந்தது. பொறுமை இழந்து அப்படியே வெட்டிப் பால் ஊற்றி, கொதிக்கட்டும் என்று தீயைக் கூட்டினேன். பால் திரிந்துவிட்டது. மேலே எண்ணெய், கீழே மஞ்சள் தண்ணீர், நடுவில் கல்லுக் கல்லாகக் கிழங்கு. அதோடு கிணற்றுத் தண்ணீரில் இருந்த உப்பைக் கணக்கில் எடுக்காமல் வழக்கமான அளவு உப்பையும் போட்டிருந்தேன். நோன்பு திறந்து ஒரு வாய் வைத்ததும் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன மாமா மட்டும் மிகவும் மரியாதையாக, பேரீச்சம்பழம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

உம்மும்மா ஒரு துண்டை விரலால் நசுக்கப் பார்த்தார். நசுங்கவில்லை. பிறகு தலையில் கை வைத்தார். "இந்தத் தண்ணியில பருப்பே அவியாது புள்ள. கறிக்கு நாங்கள் நல்ல தண்ணிக் கிணத்துக்குப் போய்த்தான் அள்ளுவம். முப்பத்திமூண்டு வரியமாக் குழாய்த் தண்ணியில சமைச்சு அதையும் மறந்திட்டன்."

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் எங்கள் இரசாயனவியல் புத்தகத்தின் ஒரு பாடமே இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தவை. மழைநீர் அந்தக் கல்லூடாக இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. இதைத்தான் வன்னீர் என்கிறோம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இதனால் வருவது. சவர்க்காரம் நுரைக்காததும் இதனால்தான். கடல் அருகில் இருப்பதால் தீவுக் கிணறுகளில் உவரும் சேர்ந்துகொள்கிறது. தாவரத்தின் கலச்சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். கிழங்கு அவிகிறது என்றால் ஒருபக்கம் உள்ளே இருக்கும் மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருக்கிறது, மறுபக்கம் இந்தப் பசை கரைந்து கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. தண்ணீரில் கல்சியம் கூடியிருந்தால் அது பெக்டின் இழைகளுக்கிடையே பாலம் போல நின்று, பசையைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மாப்பொருள் வெந்திருக்கும், ஆனால் கிழங்கு இளகியிராது.

ஈர விறகும் இதில் ஒரு பங்காளி. ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் கிழங்கு அதிக நேரம் கிடந்தால், அதிலுள்ள ஒரு நொதியம் பெக்டினைக் கல்சியம் பற்றிக்கொள்வதற்கு வசதியாக மாற்றிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. தொழிற்சாலைகளில் கிழங்குத் துண்டு குலையாமல் இருப்பதற்கு இதையே வேண்டுமென்று செய்வார்களாம். நான் வேண்டாமலே செய்துவிட்டேன். புளியும் இப்படித்தான். அமிலத்தில் பெக்டின் மெதுவாகவே கரையும். ஆகவே தேசிக்காயோ பழப்புளியோ கிழங்கு அவிந்த பிறகுதான் சேரவேண்டும். அவியுமுன் புளிவிட்டுவிட்டு, கிழங்கு சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். (உம்மா, மன்னிக்க.)

வழி என்ன? வன்னீரின் ஒரு பகுதி தற்காலிக வன்மை. கொதிக்க வைத்தால் கரைந்திருக்கும் கல்சியம் ஐதரசன்காபனேற்று பிரிந்து கல்சியம் காபனேற்றாக அடியில் படியும். எனவே தண்ணீரைத் தனியாக நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் இறுத்து எடுத்தால் பாதித் தொல்லை போய்விடும். நிரந்தர வன்மை போகாது, உவரும் போகாது. முடிந்தால் பிடித்து வைத்த மழைநீர், இல்லாவிட்டால் வாங்குகிற குடிதண்ணீர். பெருநாளன்று குடிப்பதற்கென்று கானில் வாங்கி வைத்த தண்ணீரில் பாதி என் கிழங்குக்குப் போனது. யாரும் கணக்குக் கேட்கவில்லை.

பால் திரிந்ததற்குக் காரணம் வேறு. தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதந்து நிற்கும் கலவை. ஒவ்வொரு துளியையும் ஒரு புரதப் படலம் போர்த்தியிருப்பதால் அவை ஒன்றோடொன்று சேராமல் இருக்கின்றன. கொதி கூடினால் அந்தப் புரதம் குலைந்து திரளும். போர்வை போனதும் துளிகள் ஒன்றுசேர்ந்து எண்ணெயாக மேலே மிதக்கும். எனவேதான் இரண்டாம் பாலில் வேகவிட்டு, தலைப்பாலைக் கடைசியில், தணலில் மட்டும் சேர்ப்பது. இதை நம் வீடுகளில் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் மாப்பொருள் இந்தத் துளிகளுக்கு இரண்டாவது காவல் என்பது பலருக்குத் தெரியாது. கரைந்த மாப்பொருள் நீரைத் தடிப்பாக்குவதால் துளிகள் ஓடிப்போய் ஒன்றுசேர்வது கடினமாகிறது. உம்மும்மாவின் உம்மா நன்றாக அவிந்த இரண்டு கிழங்கை மசித்து இரண்டாம் பாலில் கரைத்துவிடுவாராம். உம்மும்மா இதைச் சொன்னபோது, தேங்காயை மிச்சம் பிடிக்கும் வழி என்றுதான் நினைத்தேன். அது பாலைக் காக்கும் வழியும்கூட.

கொழுமை வேண்டுமென்றால் சீஸ் போட வேண்டும் என்று எங்கள் வகுப்பில் ஒரு கட்சி இருக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. பிரான்சில் தோபினே பகுதிக்குப் பேர்போன ஒரு கிழங்குப் பண்டம் உண்டு. 1788ஆம் ஆண்டிலேயே அதன் பெயர் பதிவாகியிருக்கிறது. மெல்லிதாகச் சீவிய கிழங்கைப் பாலாடையில் மெதுவாக வேகவிடுவதுதான் அது. பழைய முறைப்படி செய்கிறவர்கள் அதில் சீஸ் சேர்ப்பதில்லை. சீவிய கிழங்கைக் கழுவுவதுமில்லை, கழுவினால் மா போய்விடும் என்பதற்காக. பசுப்பாலின் ஆடையும் தேங்காயின் தலைப்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கொழுப்பு வாசனைகளைத் தனக்குள் கரைத்து வைத்திருந்து வாய்க்குள் மெதுவாக விடுகிறது, கிழங்கின் மா அதைப் பிடித்து நிறுத்துகிறது. கொழுமை என்று நாக்கு சொல்வது இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான்.

எட்டுப் பேருக்கு நான் வைத்த அளவு இது. கையளவையும் கண்ணளவையும் உம்மும்மாவின் கையில் பிடித்துத் தராசில் வைத்து எழுதியது. கிழங்கு ஒன்றரைக் கிலோ. நடுத்தரத் தேங்காய் இரண்டு. நெய் நாலு மேசைக்கரண்டி. சின்ன வெங்காயம் 150 கிராம். பச்சை மிளகாய் ஆறு. கஜு 50 கிராம். மஞ்சள் அரைத் தேக்கரண்டி. கறுவா விரல் நீளத்துண்டு ஒன்று, ஏலக்காய் நாலு, கராம்பு மூன்று. இஞ்சி ஒரு சிறு துண்டு. ரம்பை, கறிவேப்பிலை. பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி (இதைப் பற்றிப் பிறகு வருகிறேன்). பாதித் தேசிக்காய். உள்ளி இல்லை, காரணம் சொல்லிவிட்டேன். உப்பு, தண்ணீரைச் சுவைத்துப் பார்த்த பிறகு.

கிழங்கைத் தோலோடு, நல்ல தண்ணீரில், பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே போட்டு, காய்ந்த விறகில் தாமதிக்காமல் கொதிக்க வையுங்கள். ஈர்க்கு தடையில்லாமல் நுழைந்தால் போதும், வெடிக்க விடக்கூடாது. தோலை உரித்து ஆறவிட்டு, பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். ஆறுவது முக்கியம். ஆறினால்தான் மேற்பரப்பு காயும். ஈரம் இருக்கும் வரை மேற்பரப்பின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. பொன்னிறமும் வறுவல் மணமும் வருவதற்கு அதைவிட நல்ல சூடு வேண்டும். தாச்சியில் நெய்யைக் காய்ச்சித் துண்டுகளை இரண்டு தடவையாகப் போட்டு, விளிம்பு சிவக்கும் வரை பிரட்டி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் கிழங்கு வறுபடாமல் ஆவியில் வேகும். இந்தப் படியை விட்டால் கறி வழக்கமான பால்கறிதான். இறைச்சியின் இடத்தில் உட்காரும் துணிவு கிழங்குக்கு இந்த வறுவலில்தான் வருகிறது.

மிச்ச நெய்யில் கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை, பிறகு வெங்காயம், பச்சை மிளகாய், தட்டிய இஞ்சி. வெங்காயம் வாட, மஞ்சளும் இரண்டாம் பாலும். மசித்த இரண்டு கிழங்கையும், ஊறவைத்து அரைத்த கஜுவையும் அதில் கரைத்து மெதுவாகக் கொதிக்கவிட்டால் கூட்டு அகப்பையில் ஒட்டும் பதத்துக்கு வரும். கஜு வாங்க முடியாவிட்டால் இன்னொரு கிழங்கை மசித்துவிடுங்கள். மூத்தவர்கள் கஜு போட்டதில்லையாம், அது நான் சேர்த்தது. வறுத்த துண்டுகளைப் போட்டு ஐந்து நிமிடம். விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் தலைப்பாலை ஊற்றி, ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்குங்கள். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகு.

பெருநாள் காலையில் ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். தக்பீர் ஒலி வீட்டுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கமிருந்து கோயில் மணியும் கேட்டது. நான் அடுப்படியில் நின்றேன். இந்தமுறை பால் திரியவில்லை. நெய்ச்சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், அச்சாறு, நடுவில் கிழங்கு. சின்ன மாமா மூன்றாவது தடவை கிழங்கு எடுத்ததை நான் எண்ணினேன். இறைச்சியைப் பற்றி அவர் பேசவில்லை. பேசாததையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆச்சியின் பங்கைப் புதுச்சட்டியில் முதலிலேயே எடுத்து மூடி வைத்திருந்தோம். மத்தியானம் கடந்தும் ஆச்சி வரவில்லை. உம்மா இரண்டு தடவை வேலிப்பக்கம் பார்த்தார். "விரதக்காரர், வேண்டாமெண்டு விட்டிருப்பினம்" என்றார். உம்மும்மா பதில் சொல்லவில்லை. சட்டியை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் சூடு படுமாறு நகர்த்தி வைத்தார். மூன்று மணிக்குப் பிறகு ஆச்சி ஈரத்தலையோடு வந்தார். சனம் கூடிப்போய்ப் பூசை பிந்திவிட்டதாம். எங்கள் விறாந்தையில் உட்கார்ந்தே சாப்பிட்டார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தி, யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கட உம்மா பெருஞ்சீரகத்தை வறுத்து இடிச்சு, கறியை இறக்கினாப் பிறகுதான் தூவுறவ. நீங்கள் தாளிதத்தில போட்டிட்டியள்."

உம்மும்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்?"

"பெருநாளன்று விடிய அந்த வறுக்கிற மணம் வேலியால வரும். எனக்கு இன்னும் மூக்குக்குள்ள நிக்குது."

"ஓம்" என்றார் உம்மும்மா கொஞ்ச நேரம் கழித்து. "வறுத்துத்தான்."

அடுத்தநாள் சட்டி கழுவித் திரும்பி வந்தது. வெறுஞ்சட்டியாக அல்ல. உள்ளே ஐந்து பனங்கட்டிக் குட்டான்கள் இருந்தன. "கோயில்ல படைச்சதில்லை, கடையில வாங்கினது. யோசிக்காமல் எடுங்கோ" என்று ஆச்சி வேலிக்கு மேலால் சொன்னார். சின்ன மாமா அன்றைய தேநீரை அதைக் கடித்துக்கொண்டுதான் குடித்தார்.

ஆகவே மேலே அடைப்புக்குள் விட்ட பெருஞ்சீரகத்தை இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: வெறுந்தாச்சியில், சிறுதீயில், மணம் எழும் வரை வறுக்க வேண்டும், சிவக்கக் கூடாது. ஆறியதும் உரலில் கரகரப்பாக இடிக்க வேண்டும். அதன் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும் என்பதால் கறியில் கொதிக்க விடக்கூடாது. அடுப்பிலிருந்து இறக்கி, தேசிக்காய்ப்புளி விட்ட பிறகு தூவி, உடனே மூடிவிட வேண்டும்.